கிளவுட் கம்ப்யூட்டிங்: தொழில் செய்வோருக்கு ஓர் அறிமுகம்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இதே அரங்கத்தில் நான் மாணவனாக உட்கார்ந்திருந்த காலத்தில், விருந்தினர் பேச்சு எப்போது முடியும், சாப்பாடு எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகவே உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும். கூடியவரை சுருக்கமாகவே பேசுகிறேன்.

போன சந்திப்பின்போது, சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சீனியர் நின்றிருந்தார். சொந்தமாக லேத் பட்டறை நடத்துகிறவர். நான் கம்ப்யூட்டர் துறையில் இருப்பது தெரிந்ததும் அவர் கேட்டார்: "தம்பி, எல்லாரும் கிளவுடு கிளவுடுங்கிறாங்க. என் கணக்கு வழக்கை எல்லாம் அதுல போட்டுட்டா, அது எங்கே இருக்கும்? அதை யாரு பாத்துக்குவா?"

கையில் தட்டை வைத்துக்கொண்டு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது, இந்தத் துறையில் கேட்க வேண்டிய கேள்விகளே இந்த இரண்டும்தான் என்று. எங்கே இருக்கும்? யார் பார்த்துக்கொள்வார்கள்? இன்றைய என் பேச்சு அந்த அண்ணனுக்கான பதில்தான். தாமதத்திற்கு மன்னிக்கவும் அண்ணே.

முதலில் என் தவறு

பதில் சொல்வதற்கு முன் ஒரு பழைய கதை. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு சிறிய நிறுவனத்தின் அலுவலகத்தில் கணக்குக்காக ஒரு சர்வர் அமைத்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. அதில் சர்வர், மேலே ஏ.சி. தினமும் இரவில் கணக்கு முழுவதும் தானாகவே ஒரு வெளி டிஸ்க்கில் நகல் ஆகும்படி செய்திருந்தேன். அந்த டிஸ்க்கை எங்கே வைத்தேன் தெரியுமா? சர்வரின் தலைமேலேயே வைத்தேன். பக்கத்தில் இருந்தால் வசதி என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை இரவு ஏ.சி.யின் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொட்டுச் சொட்டாக ஊற்றியிருக்கிறது. திங்கட்கிழமை காலையில் டிஸ்க்கும் போச்சு, சர்வரும் போச்சு. எங்களிடம் மிஞ்சியது நாற்பது நாளுக்கு முன்னால் எடுத்து வைத்த ஒரு பழைய சி.டி. நகல் மட்டும்தான்.

அந்த நாற்பது நாள் கணக்கையும் அங்கிருந்த வயதான கணக்கர் பில் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு மூன்று வாரம் இரவு பகலாகத் திரும்ப ஏற்றினார். என்னைத் திட்டவே இல்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "ஏன் தம்பி, பூட்டுக்கு ரெண்டு சாவி இருந்தும், ரெண்டையும் ஒரே கொத்துல போட்டுட்டீங்களே."

எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். இதைவிடப் பெரிய பாடத்தை எங்கும் கேட்டதில்லை. இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீண்டும் இதற்கே வருவோம்.

கிளவுட் என்றால் என்ன?

பெயரில் மேகம் இருந்தாலும் ஆகாயத்திற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. வேறொருவர் கட்டிடத்தில் உள்ள கணிப்பொறியை, இணையம் வழியாக, உபயோகித்த அளவுக்கு வாடகை கொடுத்து வாங்கிக்கொள்வதுதான் கிளவுட் கம்ப்யூட்டிங்.

இந்த யோசனை புதியதல்ல. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தின் நூற்றாண்டு விழாவில் பேசிய ஜான் மெக்கார்த்தி என்ற கணிப்பொறி அறிஞர், தொலைபேசிச் சேவை போலக் கணிப்பொறித் திறனும் ஒருநாள் பொதுச் சேவையாகக் கிடைக்கலாம் என்று சொன்னார். அது வியாபாரமாகக் கைகூட நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. புத்தகக் கடையாகத் தொடங்கிய அமேசான் நிறுவனம், 2006 மார்ச்சில் தரவுகளைச் சேமிக்க இடம் தரும் எஸ்-3 என்ற சேவையையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணிப்பொறியையே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஈ.சி.-2 என்ற சேவையையும் ஆரம்பித்தது. பிறகு கூகுளும் மைக்ரோசாஃப்டும் களத்தில் இறங்கின.

ஒரு கணிப்பொறியைப் பல பேருக்கு எப்படி வாடகைக்கு விடுவது? நம் ஊரில் ஒரு பெரிய வீட்டைப் போர்ஷன் போர்ஷனாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறோம் அல்லவா? ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வாசல், தனிப் பூட்டு, தனி மீட்டர். அதேபோல் ஒரு பெரிய சர்வரை மென்பொருளால் பல சிறிய சர்வர்களாகப் பிரிக்கிறார்கள். உங்கள் போர்ஷனில் இருப்பது பக்கத்துப் போர்ஷன்காரருக்குத் தெரியாது. ஆனால் வீட்டு வாடகைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. இங்கே அட்வான்ஸ் கிடையாது. தீபாவளி விற்பனைக்குப் பத்து அறை வேண்டுமென்றால் பத்து நிமிடத்தில் கிடைக்கும். தீபாவளி முடிந்ததும் ஒன்பதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த வாடகையில் மூன்று வகை உண்டு. கல்யாணம் நடத்துவதை வைத்துச் சொல்கிறேன்.

முதல் வகை, மண்டபம் மட்டும். சமையல்காரர், மளிகை, பாத்திரம் எல்லாம் உங்கள் பொறுப்பு. கிளவுடில் இது வெறும் சர்வரை வாடகைக்கு எடுப்பது. ஆங்கில எழுத்துகளில் ஐ.ஏ.ஏ.எஸ். என்பார்கள்.

இரண்டாவது வகை, மண்டபத்தோடு சமையல் கூடம், அடுப்பு, பாத்திரம், கையாட்கள் எல்லாம் தயார். மெனுவும் மளிகையும் நீங்கள் கொண்டு வர வேண்டும். இது பி.ஏ.ஏ.எஸ். சொந்தமாக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஏற்றது.

மூன்றாவது வகை, முழுக் கான்ட்ராக்ட். "இலைக்கு இவ்வளவு" என்று பேசிவிட்டு நீங்கள் பந்தியில் உட்கார வேண்டியதுதான். இது எஸ்.ஏ.ஏ.எஸ். ஆளுக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி உபயோகிக்கும் மின்னஞ்சல், கணக்கு மென்பொருள் எல்லாம் இந்த இனம்தான். இந்த வகைச் சேவையில் உலகளவில் பெயர் வாங்கிய ஸோஹோ நிறுவனம், 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் வளர்ந்தது என்பதை இங்கே பெருமையோடு குறிப்பிட விரும்புகிறேன்.

பட்டறையோ, கடையோ, சிறு ஏற்றுமதி நிறுவனமோ வைத்திருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றாவது வகையே போதும். "சர்வர் வாடகைக்கு எடுங்க சார்" என்று யாராவது வந்தால், முழுக் கான்ட்ராக்டில் முடிகிற வேலைக்கு எதற்கு மண்டபம் என்று கேளுங்கள்.

எங்கே இருக்கும்?

இப்போது அண்ணனின் முதல் கேள்வி. உங்கள் தரவு ஒரு கட்டிடத்தில் இருக்கும். டேட்டா சென்டர் என்று பெயர். வரிசை வரிசையாகச் சர்வர்கள், இரட்டை மின்சாரம், ஜெனரேட்டர், குளிர்சாதனம், காவல். பெரிய நிறுவனங்கள் இவற்றை "ரீஜன்" என்று ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-ல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் ஆரம்பித்தது. அமேசான் 2016-ல் மும்பையிலும் 2022-ல் ஹைதராபாத்திலும் ஆரம்பித்தது. கூகுள் 2017-ல் மும்பையிலும் 2021-ல் டில்லியிலும் வந்தது. சர்வரை வாடகைக்கு எடுக்கும்போது எந்த ஊர் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முழுக் கான்ட்ராக்ட் வகையில் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாயம் கேளுங்கள்.

இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. கம்பெனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவான நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருந்தால், அவற்றின் காப்பு நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும், அதுவும் தினசரி எடுக்கப்பட வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிடம் என்றால் கட்டிடத்துக்கு வரும் ஆபத்து எல்லாம் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை அலுவலகங்களின் தரைத்தளம் மூழ்கியது என்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சர்வரைத் தரைத்தளத்தில் வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. "அதான் கிளவுடுக்குப் போயிடலாமே" என்பீர்கள். சரிதான். ஆனால் 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற பெரிய கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முழுவதுமாக எரிந்து போனது. வேறு ஊரில் நகல் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் பிழைத்தார்கள். கிளவுடில்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்த பலருக்குத் தரவு திரும்பக் கிடைக்கவே இல்லை.

யார் பார்த்துக்கொள்வார்கள்?

இரண்டாவது கேள்விக்குப் பதில்: பாதியை அவர்கள், பாதியை நீங்கள்.

கட்டிடம், மின்சாரம், டிஸ்க் பழுது, காவல் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இதை நம்மைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்வார்கள். ஆனால் உள்ளே எதை வைக்கிறீர்கள், யாருக்குச் சாவி கொடுக்கிறீர்கள், நகல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. லாக்கர் கொடுப்பது வங்கி. சாவியைத் திண்ணையில் மறந்து வைத்துவிட்டு வந்தால் வங்கி என்ன செய்யும்?

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். மற்ற கம்பெனிகளின் மென்பொருள்களைப் பத்திரமாக வைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழிலே. அமேசான் கிளவுடில் நடத்தி வந்தார்கள். யாரோ ஒருவன் அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டான். பணம் கேட்டு மிரட்டினான். இவர்கள் பாஸ்வேர்டை மாற்றி அவனை வெளியேற்ற முயன்றதும், கையில் கிடைத்ததை எல்லாம் அழிக்க ஆரம்பித்தான். தரவு, சர்வர், காப்பு நகல்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே கணக்கின் கீழே இருந்தன. சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் கம்பெனியே முடிந்துபோயிற்று. கடையை மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

நாற்பது நாள் கணக்கைத் தொலைத்த நானும் அவர்களும் செய்தது ஒரே தவறுதான். என் சர்வர் மாடிப்படிக்குக் கீழே இருந்தது, அவர்களுடையது உலகத்தரம் வாய்ந்த டேட்டா சென்டரில் இருந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் ரெண்டு சாவியும் ஒரே கொத்தில்தான் கிடந்தன.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2024 மே மாதம், ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் தனியார் கிளவுட் ஏற்பாடு ஒன்று, கூகுள் பக்கத்தில் நடந்த ஓர் அமைப்புத் தவறால் அழிந்துபோனது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். இரண்டு இடங்களில் நகல் இருந்தும், இரண்டும் ஒரே சந்தாவின் கீழ் இருந்ததால் சேர்ந்தே போயின. ஆனால் அவர்கள் வேறொரு நிறுவனத்திடமும் காப்பு நகல் வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்கு மேல் சிரமப்பட்டாலும் மீண்டு வந்தார்கள். அந்த மூன்றாவது சாவி வேறு வீட்டில் இருந்தது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்கள் வாடிக்கையாளரின் விவரங்களை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்துக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதே. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம் ஐயா. பொறுப்பை வாடகைக்கு விட முடியாது.

பில் விஷயம்

கிளவுடில் எல்லாமே மீட்டர்தான். மாதத்துக்கு முப்பது நாள், நாளுக்கு இருபத்துநான்கு மணி, ஆக 720 மணி நேரம். உங்கள் அலுவலகம் நாளுக்குப் பத்து மணி வீதம் இருபத்தாறு நாள் இயங்கினால் 260 மணி நேரம். சர்வரை அணைக்காமல் விட்டால் மீதி 460 மணி நேரத்துக்கும் வாடகை ஓடும். அறையில் யாருமில்லாமல் ஃபேன் சுற்றுவதைப் பார்த்தால் எழுந்து அணைக்கிற நாம், கண்ணுக்குத் தெரியாத இந்த ஃபேனை மறந்துவிடுகிறோம்.

எல்லோருக்கும் கிளவுட் லாபம் என்றும் சொல்ல மாட்டேன். ஏற்ற இறக்கம் உள்ள வேலைக்கு வாடகை லாபம். வருடம் முழுவதும் ஒரே சீராக ஓடும் பெரிய வேலைக்குச் சொந்தமாக வைத்துக்கொள்வது மலிவாக இருக்கலாம். டிராப்பாக்ஸ் நிறுவனம் அமேசானிடமிருந்து தன் தரவின் பெரும்பகுதியைச் சொந்த இயந்திரங்களுக்கு மாற்றி, இரண்டு ஆண்டுகளில் சுமார் ஏழரைக் கோடி டாலர் செலவைக் குறைத்ததாக 2018-ல் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் தெரிவித்தது. இதற்கு எதிர்த்திசையில் போனது நெட்ஃபிளிக்ஸ். 2008 ஆகஸ்டில் சொந்த டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டி.வி.டி. அனுப்ப முடியாமல் தவித்தபின் கிளவுடுக்குப் போக முடிவெடுத்து, 2016 ஜனவரியில்தான் முழுவதும் மாறி முடித்தது. ஏழு ஆண்டுகள்! ஆகவே அடுத்த மாதமே மாற்றிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள்.

இன்னொன்று. "99.9 சதவீதம் இயங்கும்" என்று விளம்பரத்தில் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கும். கணக்குப் போட்டால், வருடத்துக்கு சுமார் எட்டே முக்கால் மணி நேரம் நின்றுபோகலாம் என்று அர்த்தம். 99.99 என்றால் ஐம்பத்திரண்டு நிமிடம். 2017 பிப்ரவரி 28-ம் தேதி அமேசானின் ஊழியர் ஒருவர் ஒரு கட்டளையைத் தவறாக டைப் செய்ததால், அமெரிக்காவில் ஏராளமான இணையதளங்கள் சுமார் நான்கு மணி நேரம் தடுமாறின. அந்த நேரத்தில் உங்கள் கடையில் பில் போடுவது எப்படி? ஒரு ரசீதுப் புத்தகம் மேஜைக்குள் இருக்கட்டும். வெட்கப்பட வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடுமுன்

தொழில் செய்யும் அண்ணன், அக்காமார்கள் பணம் கட்டுவதற்கு முன் ஆறு விஷயங்களைச் சரிபாருங்கள்.

ஒன்று, கணக்கு யார் பெயரில்? பல இடங்களில் வேலை பார்க்கும் பையனின் சொந்த மின்னஞ்சலில் கணக்கைத் திறந்துவிடுகிறார்கள். பையன் வேலையை விட்டுப் போனால் கம்பெனியே அவனோடு போனமாதிரி. நிறுவனத்தின் மின்னஞ்சல், நிறுவனத்தின் போன் நம்பர் கொடுங்கள்.

இரண்டு, பாஸ்வேர்டு மட்டும் போதாது. போன் வழியாக இரண்டாவது சரிபார்ப்பும் இருக்கட்டும். முழு அதிகாரமுள்ள சாவி ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் இருக்கட்டும்.

மூன்று, மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில், வேறு கணக்கில்.

நான்கு, நகல் எடுத்தால் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கணக்கைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். திறந்து பார்க்காத நகல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

ஐந்து, இவ்வளவு ரூபாயைத் தாண்டினால் எனக்குத் தகவல் வேண்டும் என்று பில்லுக்கு ஓர் எச்சரிக்கை வைத்துவிடுங்கள்.

ஆறு, வெளியே வரும் வழி. நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் தரவை எந்த வடிவத்தில் தருவார்கள், எடுத்துச் செல்லக் கட்டணம் உண்டா? கல்யாணம் பேசும்போது இதைக் கேட்பது அபசகுனமாகத் தோன்றலாம். இது கல்யாணம் அல்ல, வாடகை. கேட்கலாம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பெரிய கிளவுட் நிறுவனங்கள் புதியவர்கள் பழகுவதற்குச் சில சேவைகளை இலவசமாகத் தருகின்றன. பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அப்பாவின் கார்டைக் கொடுத்துக் கணக்குத் திறப்பவர்கள், முதல் வேலையாக அந்த பில் எச்சரிக்கையை வைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பியுங்கள். சேவைகளின் பெயரை மனப்பாடம் செய்யாதீர்கள், அவை மாறிக்கொண்டே இருக்கும். லினக்ஸ், நெட்வொர்க், டேட்டாபேஸ் ஆகிய அடிப்படைகளைக் கற்றுக்கொள்ளுங்கள். நம் பேராசிரியர்கள் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் அதுதான். அன்று நான் கவனித்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் கையாளப்போகும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். என் கவனக்குறைவால் மூன்று வாரம் தூக்கமில்லாமல் பில் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த அந்தக் கணக்கரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஒவ்வொரு புது வேலையையும் தொடங்கும்போது, "இன்னொரு சாவி எங்கே?" என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

அண்ணே, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். உங்கள் கணக்கு ஒரு கட்டிடத்தில் இருக்கும், அந்த ஊரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டிடத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சாவியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால், தைரியமாகக் கிளவுடுக்குப் போகலாம்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். இந்த முறை வரிசையில் நான் அண்ணனுக்குப் பின்னால் நிற்கத் தயார்.